முகத்துக்கு நேராகப் பேசுகிறவன்

போன மாதம் எங்கள் பஸ் கம்பெனிக்காரர்கள் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, டிரைவர் கண்டக்டர்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். நான் வேலையிலிருந்து நின்று நாலு வருஷம் ஆகிறது. சால்வை போர்த்த ஒரு பழைய ஆள் தேவைப்பட்டிருக்கும் போல, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி தவறிப்போன பிறகு அவருடைய மகள்தான் கம்பெனியைப் பார்க்கிறார். படித்தவர். பயணிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தரப் புதுச்சேரியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்திருந்தார்.

அவர் முதலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே “நீங்கள் எந்த வகை மனிதர்?” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து கட்டங்கள்; முழுக்க உண்மை என்பதிலிருந்து கொஞ்சமும் உண்மையில்லை என்பது வரை. டிக் அடித்துக் கூட்டிப் பார்த்தால் நாலு வகையில் நாம் எந்த வகை என்று வந்துவிடுமாம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்த்து டிக் அடித்தார்கள். சொந்தக் குணத்தையே காப்பியடிக்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அங்கிள், நீங்களும் எழுதுங்க” என்று முதலாளி மகள் என்னிடமும் ஒரு தாளை நீட்டினார். பத்து வரை விறுவிறுவென்று போய்விட்டேன். பதினொன்றாவது இது: எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும், மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடித்தேன். பயிற்சியாளர் வாங்கிப் பார்த்து, ஒன்று விட்டுப்போனாலும் வகை வராது சார் என்றார். வராவிட்டால் போகட்டும் என்றேன்.

டீ நேரத்தில் கண்டக்டர்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னாண்ணே, பதினொண்ண வுட்டுட்டீங்க? உங்களுக்குன்னே எழுதன மாதிரி இருந்துச்சே. கலியண்ணன் வாயி எப்பிடின்னு பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரனக் கேட்டாக்கூட சொல்வானே” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கட்டங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர்களிடம் வாயால் சொல்லத் தைரியம் வராததை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. விழுப்புரம் திண்டிவனம் வழித்தடத்தில் முப்பத்து மூன்று வருஷம் கண்டக்டராக இருந்தேன். எல்லா ஊரிலும் நின்று போகிற பஸ். வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொண்டது அதிகமில்லை: ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் போகலாம், நடுவில் ஆபத்து என்றால் விடாமல் அடிக்க வேண்டும். கூட்டத்தில் கால் மிதிபடாமல் நகர்வதற்கும் ஆள் முகத்தைப் பார்த்தே எந்த ஊர் டிக்கெட் என்று கிழிப்பதற்கும் ஒரு வருஷம் ஆனது. வாய் மட்டும் நான் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது.

அந்த வாயை எல்லோருக்கும் தெரியும். சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன், படியில் தொங்குகிறவன், சில்லறை இல்லாமல் நோட்டை நீட்டுகிறவன் யாரையும் விட்டதில்லை. டிக்கெட் எடுக்க மறுத்த ஒரு பெரிய மனிதரை விக்கிரவாண்டியில் நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். அவர் கட்சிக்காரர், மறுநாள் ஆட்களோடு வந்தார். அவர்கள் முன்னாலும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு என்னைப் பற்றி ஒரு முடிவு வந்துவிட்டது. நாம் பயப்படாத ஜாதி, மனதில் ஒன்று வெளியில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று நானே எனக்கு ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டேன். ஊரும் அதையே சொன்னது. ஊரும் நாமும் ஒன்றையே சொல்லும்போது அதை யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

எங்கள் மேனேஜர் பலராமன் சார் ஒருவர்தான் மனிதர்களை அப்படி மேலோட்டமாக எடுத்துக்கொள்ளாதவர். விழுப்புரத்தில் ஷெட்டுக்கு மேலே அவருடைய அறை. வேலைக்காரன் நின்றுகொண்டிருக்கும்போது அவர் உட்கார மாட்டார். நாம் உள்ளே போனதும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிடுவார். இரண்டு பேரும் கீழே பஸ் கழுவுவதைப் பார்த்தபடிதான் பேச வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னால் “ம்” என்பார். அடுத்த கேள்வி வராது. அந்த மௌனம்தான் அவருடைய ஆயுதம். பொய் சொன்னவன் அதைத் தாங்க முடியாமல் மேலே மேலே பேசி மாட்டிக்கொள்வான். உண்மை சொன்னவன் சும்மா நிற்பான். கடைசியில் “சரி, போ” என்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பஸ் ஜோடியையும் தனித்தனியாகக் கூப்பிடுவார். டிரைவரிடம் கண்டக்டரைப் பற்றிக் கேட்பார், கண்டக்டரிடம் டிரைவரைப் பற்றிக் கேட்பார். யாரிடமும் அவனவனைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஏன் சார் என்று ஒருநாள் கேட்டேன்.

“குடிக்கிறவன கேட்டா நான் குடிகாரன்னு சொல்வானா? தூங்கறவன் தூங்கறேன்னு சொல்வானா? பொய் சொல்றான்னு இல்ல, கலி. அவனுக்கே தெரியாது. கூட எட்டு மணி நேரம் இருக்கறவனுக்குத்தான் தெரியும்” என்றார்.

என்னை அவர் நம்ப ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சார் மேனேஜராக வந்த புதிதில் என்னோடு ஓட்டிய ஒரு டிரைவர் காலையிலேயே போட்டுக்கொண்டு வருவான். சார் கேட்டதும் பட்டென்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவன் சீட்டு கிழிந்தது. “நீ சொன்னா அதுக்கு மேல நான் விசாரிக்கத் தேவையில்ல” என்றார் சார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது யோசித்தால், அந்த டிரைவரோடு நான் ஓட்டியது மொத்தம் மூன்று வாரம். அவன் எனக்கு யார்? அவனைச் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன செலவு?

அவனுக்குப் பதிலாக வந்தவன்தான் ஏழுமலை. கெடார்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் முதல் வாரத்திலேயே மச்சான் ஆகிவிட்டான். பதினாலு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓட்டினோம். அவன் வீட்டுச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும். அவன் மனைவி வள்ளி கேப்பைக் களி கிண்டினால் இரண்டு உருண்டையாகக் கட்டி அனுப்பும். என் அப்பா இறந்தபோது காடு வரைக்கும் ஒரு தோள் கொடுத்தவன் அவன். அவன் பெண் நர்சிங் படிக்கப் போனபோது விண்ணப்பம் வாங்க அலைந்தவன் நான். அதிகம் பேச மாட்டான். நான் பயணிகளோடு சண்டை போடும்போது கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டுவான். பெண்டாட்டியிடம் சொல்லாததையெல்லாம் அவனிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

சேர்ந்து ஓட்டிய பன்னிரண்டாவது வருஷமோ என்னவோ, பாட்டுச் சத்தம் அதிகரிக்க ஆரம்பித்தது. ஏழுமலை பஸ்ஸில் பழைய பாட்டு போடுவான். முன்பெல்லாம் மெல்லிசாகத்தான் வைப்பான். போகப் போக முன்சீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குப் போனது. ஒரு வாத்தியார் குறைக்கச் சொன்னார். “சத்தம் புடிக்கலன்னா கார்ல போங்க சார்” என்று நான்தான் அவர் மேல் பாய்ந்தேன். பிறகு ஒருநாள் கூட்டேரிப்பட்டில் நான் ஒரு விசில் அடித்தேன், பஸ் நிற்கவில்லை. இரண்டாவது முறையும் அடித்தேன். நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கேட்டதற்கு, “ஏதோ யோசனைல இருந்துட்டேன் மச்சான்” என்றான். மறுவாரமும் அதே யோசனை வந்தது.

பக்கத்தில் நின்று பேசினால் அவனுக்குக் கேட்கும். விசில்தான் கேட்காது. வருஷக்கணக்காக எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கீச்சென்ற சத்தம்தான் முதலில் போகும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். லைசன்ஸ் புதுப்பிக்கப் போனபோது அவனைப் பரிசோதித்தவர் கண்ணைப் பார்த்தார், காதைச் சோதிக்க எதிரில் உட்கார்ந்து பெயரைக் கேட்டார். சொன்னான். சர்டிபிகேட் வந்துவிட்டது.

ஒருநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கூட்டேரிப்பட்டு டீக்கடையில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். “மச்சான், ஒன்னோட காது…” என்று ஆரம்பித்தேன். அவன் பெண்ணுக்குச் சென்னையில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. அன்றுதான் சேதி வந்திருந்தது. கையில் போண்டாவை வைத்துக்கொண்டு அப்படி ஒரு முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். “காதுல இன்னா?” என்றான். “மை ஒட்டிக்கினு இருக்குது” என்று சொல்லித் துடைத்துவிட்டேன். மையும் இல்லை ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பஸ்ஸில் மேலே ஓடும் கைப்பிடிக் கம்பி முன்னால் போய், டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற குறுக்குக் கம்பியோடு சேரும். பின்படியிலிருந்து ஒரு பெரிய போல்ட்டால் அந்தக் கம்பியைத் தட்டினால் அதிர்வு நேராக அவன் முதுகுக்குப் போகும். விசிலைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு போல்ட்டை எடுத்துக்கொண்டேன். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. அவன் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து முதுகைக் கம்பியில் ஒட்டி உட்கார்ந்து ஓட்டினான். பஸ் பிசகில்லாமல் நின்றது, கிளம்பியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. பாட்டுச் சத்தத்தைப் பற்றி யாரோ கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். பலராமன் சார் கூப்பிட்டார். வழக்கம்போல எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார். கீழே எங்கள் பஸ்ஸைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“ஏழுமல எப்பிடி இருக்கான்?”

“நல்லா ஓட்றான் சார்.”

“ம்.”

நான் அவரிடம் முன்பு நூறு தடவை நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அவனுக்குக் காது கேட்கவில்லை சார் என்று நாலே வார்த்தை. சொன்னால் அன்றோடு அவன் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டும். அவனுக்கு வேறு வேலை தெரியாது. ஷெட்டில் பஸ் கழுவ வைப்பார்கள், இல்லை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் அவனுக்காக நான் யோசித்ததாக ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. சொன்னது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்பதை நினைக்கத்தான் எனக்குத் திராணியில்லை. அவன் இல்லாத பஸ்ஸும் எனக்கு வேண்டாமாக இருந்தது.

“அவனுக்கு என்ன சார், தங்கமான ஆளு. நம்ம கம்பெனில அவன மாதிரி நிதானமா ஓட்றவன் யாரு இருக்கா? பாட்டு நான்தான் சார் சத்தமா வெக்க சொன்னேன். இனிமே கொறச்சிட சொல்றேன்” என்று நானே மேலே மேலே பேசினேன்.

வேறு யார் இப்படிப் பேசியிருந்தாலும் சாருக்குச் சந்தேகம் வந்திருக்கும். பேசியது நான். “நீ சொன்னா சரி. போ” என்றார்.

இரண்டு மாதம் கழித்து என் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. இரண்டு நாள் லீவு போட்டேன். என் இடத்துக்கு சேகர் என்ற கண்டக்டரைப் போட்டார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும், சுறுசுறுப்பான ஆள். லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஷெட்டில் அவனைப் பிடித்தேன். போல்ட்டை அவன் கையில் கொடுத்து, “ஏழுமலைக்கு விசில் சத்தம் புடிக்காதுப்பா. கம்பில தட்டு, அதான் அவனுக்குப் பழக்கம்” என்றேன். அவன் சிரித்தான். “இன்னாண்ணே, டிரைவருக்கு விசில் புடிக்காதா? பொண்டாட்டிக்கு சமையல் புடிக்காத கதையா இருக்குதே” என்றான். “சொல்றத செய்யிடா” என்று முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு வந்துவிட்டேன். வளைகாப்புக்குப் பூ வாங்க வேண்டியிருந்தது.

காது கேட்காது என்று சொல்லியிருந்தால் அவன் கம்பி உடைகிற மாதிரி தட்டியிருப்பான். பிடிக்காது என்று சொன்னேன். ஒருத்தனுக்குப் பிடிக்காததை எத்தனை பேர் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

அஞ்சலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன நிறுத்தத்தில் தினமும் காலையில் கீரைக்கூடையோடு ஏறித் திண்டிவனம் போய், பதினொரு மணி வாக்கில் காலிக் கூடையோடு எங்கள் பஸ்ஸிலேயே திரும்பும். ஐம்பது வயது இருக்கும். ஊர் வருவதற்கு முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு படியில் வந்து நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “பஸ்ஸு ஓடும்போதே படில நிக்காதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? வுழுந்து தொலச்சீன்னா யாரு பதில் சொல்றது? எல்லாரும் எறங்கட்டும், கடைசியா பொறுமையா எறங்கு” என்று ஒருநாள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். “சரி சாமி, நீ கத்தாத” என்றது அது. அதிலிருந்து அஞ்சலை கடைசியாகத்தான் இறங்கும்.

நான் லீவு போட்ட இரண்டாம் நாள். முதல்நாள் சேகர் கொஞ்சம் தட்டியும் கொஞ்சம் விசில் அடித்தும் ஓட்டியிருக்கிறான். இரண்டாம் நாள் போல்ட்டை எங்கேயோ வைத்துவிட்டான். அந்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். இறங்கினவர்கள் பஸ்ஸை ஒட்டியே நின்றதில் கண்ணாடியில் பின்படி தெரியவில்லை. ஏழுமலை முதுகில் தட்டு விழும் என்று காத்திருந்திருக்கிறான். விழவில்லை. விசில் அடித்திருப்பார்கள், தனக்குத்தான் கேட்கவில்லை என்று எண்ணி, குத்துமதிப்பாக கியரைப் போட்டுவிட்டான். அஞ்சலை அப்போதுதான் கடைசிப் படியில் காலை வைத்தது. சேகர் விடாமல் விசில் அடித்திருக்கிறான். பஸ் முழுக்கக் கத்தியிருக்கிறது. பின்சக்கரம் ஏறி இறங்கிய குலுக்கலில்தான் ஏழுமலைக்குத் தெரிந்தது.

விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் இறந்துபோனது.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பஸ் கம்பெனி ஆள் என்று அடிப்பார்கள் என்று நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அஞ்சலையின் மகன் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்தான். கட்டட வேலை செய்கிறவன். “நீங்க இருந்திருந்தா ஆயிருக்காதுங்க. நீங்க கத்துவீங்கன்னு எங்கம்மா எப்பவும் கடைசியாத்தான் எறங்குமுங்க. வூட்ல வந்து சொல்லும், அந்த கண்டக்டரு வாயி கெட்ட வாயி, ஆனா நல்லதுக்குத்தான் சொல்றாருன்னு” என்றான். அழுதான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. கத்த வேண்டாத இடத்தில் நான் கத்தினேன், அதை அந்த அம்மாள் வேதவாக்காக வைத்துக்கொண்டது.

சேகர் ஷெட்டில் என்னைப் பார்த்ததும் எழுந்துவந்தான். சண்டை போடவில்லை. “அண்ணே, விசில் புடிக்காதுன்னுதானண்ணே சொன்னீங்க” என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான்.

பலராமன் சார் கூப்பிட்டார். அன்றும் எழுந்து ஜன்னல் பக்கம்தான் வந்தார். ஏழுமலையின் காதை ஆஸ்பத்திரியில் சோதித்த தாள் மேஜையில் இருந்தது.

“உனக்குத் தெரியுமா, கலி?”

நான் சும்மா நின்றேன். அவருக்கு அதுவே பதில்.

“அன்னிக்கு உன்னதான கேட்டேன்” என்றார். குரல் உயரவில்லை. பிறகு அவரே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் நின்றுகொண்டிருக்கும்போது அவர் உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, ஒரு மெமோகூடக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஜோடியையும் கூப்பிட்டார், என் டிரைவரையும் கூப்பிட்டார், என்னை மட்டும் கூப்பிடவில்லை. யாரைப் பற்றியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறை வரும் நாட்களில் படிக்கட்டுக்குக் கீழே பொய்யாக ஒரு வேலை வைத்துக்கொண்டு நிற்பேன். கூப்பிட மாட்டாரா என்று இருக்கும்.

கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. ஏழுமலை சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். லைசன்ஸ் போனது. நான் ஆரம்பத்தில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் வேறெதையோ பேசினோம். பிறகு போகவில்லை. போனால், உனக்குத் தெரியும்தானே என்று கேட்டுவிடுவானோ என்று பயம். இத்தனைக்கும் பஸ்ஸில் என் வாய் முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. படியில் நின்றவர்களை மட்டும் திட்டவில்லை. அவர்களைப் பார்த்தாலே எனக்கு வாய் அடைத்துவிடும். ரிட்டயர் ஆனபோது போட்ட கூட்டத்தில் பேசிய ஒவ்வொருவரும், முகத்துக்கு நேராகப் பேசுகிற மனிதர் என்றே சொன்னார்கள். நான் மாலையும் கழுத்துமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பயிற்சி முடிந்த மூன்றாம் நாள், விழுப்புரம் போய் பஸ் மாறி கெடாருக்குப் போனேன். மத்தியானம் ஆகியிருந்தது. வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் ஏழுமலை உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நிழல் விழுகிற வரைக்கும் நிமிரவில்லை. பார்த்ததும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முடி முழுக்க நரைத்திருந்தது.

வள்ளி வெளியே வந்தது. “வாங்கண்ணே. இப்பத்தான் வழி தெரிஞ்சிதா? அதுக்கு இப்ப சுத்தமா கேக்கறதில்லண்ணே. மிஷினு வெச்சா தலவலிக்குதுன்னு கழட்டி போட்டுட்டுது. காதுகிட்ட வாய வெச்சி கத்தணும்” என்றது. முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் நானும் மல்லாட்டை உரித்தேன். பிறகு அவன் இடது காதருகே குனிந்தேன். இத்தனை வருஷம் மெல்லச் சொல்ல முடியாததை இனிக் கத்தித்தான் சொல்ல வேண்டும். “மச்சான், ஒனக்கு விசில் கேக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. மேனேஜரு கேட்டாரு. நான் சொல்லல” என்று கத்தினேன். எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். வள்ளியின் கை முறத்தில் அப்படியே நின்றது. அதற்கு இது புதுச் சேதி. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டது.

ஏழுமலைக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உரித்த பருப்பை ஊதித் தட்டில் போட்டான்.

“நீ கம்பில தட்ட ஆரம்பிச்சியே, அப்பவே எனக்கும் தெரிஞ்சி போச்சி, நம்ம காது போய்க்கினு இருக்குதுன்னு. நானே எறங்கிடலாமான்னு பாத்தேன். தெனமும் நெனைப்பேன். ஆனா நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. கலி யாரு, யாருக்கும் பயப்படாதவனாச்சே, மோசமா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பானே, அவனே சொல்லலன்னா இன்னும் ஓட்டலாம்னுதான் இருந்துட்டேன்” என்றான்.

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அவன் குரலில் அந்தப் பழைய மரியாதை அப்படியே இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அவன் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

“ஒன்னாண்டதாண்டா பயந்தேன்” என்றேன், வழக்கமாகப் பேசுகிற குரலில்.

அவன் என் உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டுக் காதைத் திருப்பிப் பக்கத்தில் கொண்டுவந்தான். “இன்னா சொன்ன?”

“ஒண்ணுமில்ல மச்சான்” என்று கத்தினேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சி.”